வழியில் என்ன சாப்பிடலாம்? – ஒரு பட்டியலும் தாத்தாவின் கேள்வியும்



போன ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்ததும் கல்லூரி நண்பர்கள் நாலு பேர் போன் பண்ணினார்கள். "மாப்ள, உங்க ஊர் வழியாத்தான் குற்றாலம் போறோம். வழியில எங்க என்ன சாப்பிடலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு" என்றார்கள். சாப்பாட்டு விஷயத்தில் என்னை நம்பி ஒரு பொறுப்பு கொடுத்துவிட்டார்கள், விடுவேனா? அன்று ராத்திரியே நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவில் இருக்கிறது. புலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று இருந்த ஊர், அர்த்தநாரீஸ்வரர் கோயில் உள்ள ஊர் என்றால் சிலருக்குத் தெரியும். முன்பு திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே போனால் சங்கரன்கோவில்.

என் பட்டியல் இப்படி இருந்தது. வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. எங்கள் ஊரில் காலை இட்லி, வடை, டீ. மதியம் கொஞ்சம் சுற்றிப் போகத் தயாரென்றால் சங்கரன்கோவிலில் ஆட்டுக்கறி பிரியாணி. ராத்திரி செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். திரும்பும்போது திருநெல்வேலி வழியாகப் போனால் அல்வா.

எழுதி முடித்துப் பெருமையாகத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு எண்பதை நெருங்குகிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏலே, நல்லாத்தான் எழுதிருக்க. இந்த மாதிரிக் கடையில எத்தனைக்குள்ள அந்தக் காலத்துல எங்கள விட்டிருப்பாவ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. நான் படிப்பது வணிகவியல், வரலாறு என் பாடம் இல்லை. ஆனாலும் ஒரு மாதமாக நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன், தாத்தாவிடமும் கேட்டேன். நாம் சாதாரணமாகப் போய் உட்கார்ந்து "அண்ணே, ரெண்டு செட்டு பரோட்டா" என்று சொல்கிறோமே, அந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

சோற்றை விற்கலாமா?

நம் நாட்டில் தின்பண்டம் விற்பது பழைய பழக்கம்தான். சிலப்பதிகாரத்திலேயே பிட்டும் அப்பமும் விற்பவர்கள் வருகிறார்கள். ஆனால் முழுச் சாப்பாட்டைக் காசுக்கு விற்பது வேறு விஷயம். சோறு போடுவது தர்மம், அதை விற்பது இழிவு என்று நினைத்த சமூகம் நம்முடையது.

அப்படியென்றால் வழிப்போக்கர்கள் என்ன செய்தார்கள்? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். அல்லது சத்திரத்தில் தங்கினார்கள். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மதுரை ரயில் நிலையம் எதிரே மங்கம்மாள் சத்திரம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. சத்திரங்களில் சோறு இலவசம். ஆனால் யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கு உள்ளே இடமே இல்லை என்பதைச் சாதி முடிவு செய்தது. இலவசச் சோறு எல்லோருக்குமான சோறு இல்லை.

காசு கொடுத்தால் சாப்பாடு என்ற முறை வந்தபோது, ஒரு வணிகவியல் மாணவனாக நான் என்ன எதிர்பார்ப்பேன்? காசுக்குச் சாதி கிடையாது, எனவே கடைக்குள்ளும் சாதி இருக்காது என்றுதானே? அப்படி நடக்கவில்லை.

ரயில் வந்தது, ஓட்டலும் வந்தது

திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் வந்தது 1903ல். அடுத்த வருஷம், 1904ல், மலையைக் குடைந்து புனலூரையும் செங்கோட்டையையும் இணைத்தார்கள். விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்தது 1927ல். எங்கள் ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. பாம்புக்கோவில் சந்தைக்கோ சங்கரன்கோவிலுக்கோதான் போக வேண்டும்.

ரயில் வந்தால் ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் கூடுவார்கள். கோர்ட்டு, கச்சேரி, சந்தை என்று வெளியூரில் பகல் முழுக்க இருக்க வேண்டியவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். அப்படித்தான் காபி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் ஊர் ஊராக முளைத்தன. காலையில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழர்கள் காபிக்கு மாறிய கதையை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், டீ உழைப்பவர்களின் பானமாகவும் பிரிந்தது என்பது அதில் முக்கியமான விஷயம்.

ஆரம்ப கால ஓட்டல்கள் பலவற்றைப் பிராமணர்கள் நடத்தினார்கள். இதற்கு ஒரு 'வணிகக் காரணம்' உண்டு. பிராமணர் சமைத்ததை மற்ற சாதியார் சாப்பிடத் தயங்க மாட்டார்கள். மற்றவர் சமைத்ததைச் சாப்பிட எல்லோரும் வர மாட்டார்கள். ஆக, சமையல்காரரின் சாதியே கடையின் விளம்பரம்! அதனால்தான் 'பிராமணாள் காபி கிளப்' என்று போர்டில் எழுதினார்கள். உள்ளே போனாலும் எல்லோருக்கும் ஒரே கூடம் இல்லை. பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு இரண்டு இடமும் இல்லை.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினைதான். ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒரே கட்டணம் கொடுத்து வந்தவர்கள், இறங்கியதும் சாப்பிடத் தனித்தனி இடத்துக்குப் போனார்கள். இதை எதிர்த்துப் பெரியாரும் நீதிக்கட்சியினரும் பல ஆண்டுகள் போராடினார்கள். 1941ல்தான் ரயில் நிலைய உணவு விடுதிகளில் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது.

சேரன்மாதேவி

இதே காலத்தில் நம் மாவட்டத்திலேயே ஒரு சாப்பாட்டுப் பந்தி தமிழ்நாட்டு அரசியலைக் கலக்கியது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தியும் தமிழும் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. பல சமூகத்தாரும் நன்கொடை கொடுத்தார்கள், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியும் பணம் கொடுத்தது.

ஆனால் அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு என்ற செய்தி வெளியே வந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். பெற்றோரின் விருப்பத்துக்காகத்தான் அந்த ஏற்பாடு என்பது ஐயர் தரப்பு. காந்தி வரைக்கும் விஷயம் போனது. 1924-25ல் பத்திரிகைகளில் இதே பேச்சுத்தான். 1925 ஜூன் மாதம் ஐயர் பாபநாசம் அருவியில் மூழ்கி இறந்தார். அதே வருஷக் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம்தான் உடனடிக் காரணம் என்றாலும், சேரன்மாதேவி உண்டாக்கிய கசப்பும் அதன் பின்னால் இருந்தது.

இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டதற்கா இவ்வளவு என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். கூட உட்கார்ந்து சாப்பிடாதவனை நீ சமமாக நினைக்கவில்லை என்பதுதானே அதன் அர்த்தம்? சுதந்திரம் வந்தால் யாருக்கு வரும் என்ற கேள்வி அந்தப் பந்தியில் இருந்தது.

சிரட்டையும் பெஞ்சும்

இனி டீக்கடை. 1930களில் தேயிலைக்கு உலகச் சந்தை படுத்தபோது, வியாபாரிகள் உள்நாட்டிலேயே டீ குடிக்கப் பழக்க முனைந்தார்கள். ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் கொடுத்தார்கள். விளம்பரம் செய்து ஒரு பழக்கத்தையே உண்டாக்க முடியும் என்பதற்கு எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் வைக்க வேண்டிய உதாரணம் இது.

டீ கிராமத்துக்கு வந்தது. டீக்கடையில் பெஞ்ச் போட்டார்கள், தினசரி வாங்கிப் போட்டார்கள். ஊரின் பொது இடமே டீக்கடை ஆனது. ஆனால் யாருடைய பொது இடம்?

தாத்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு ஒம்பது பத்து வயசு இருக்கும். அப்பாகூட வேலைக்குப் போயிட்டு வரும்போது ஒரு கடையில டீ வாங்கிக் குடுத்தாவ. கூரையில சிரட்டை சொருகிருக்கும். நாமளே எடுத்து, நாமளே கழுவி, கீழ வச்சிட்டு நகந்து நிக்கணும். உயர இருந்து ஊத்துவாவ. காச நிலத்துல வைக்கணும். டீ நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை என்னவோ செய்தது. டீ நல்லாத்தான் இருந்திருக்கிறது.

தேதியைக் கவனியுங்கள். இது நடந்தது 1950களின் நடுவில். 1950 ஜனவரி 26ல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 15ஆவது பிரிவு, கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் நுழையச் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று தனியாகவே சொல்கிறது. உலகத்தில் எத்தனை அரசியலமைப்புச் சட்டங்களில் ஓட்டலைப் பற்றி எழுதியிருப்பார்கள்? நம் நாட்டில் எழுத வேண்டியிருந்தது. 1955ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போய், ஓட்டலில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். இதுதான் 1976ல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனது. தாத்தாவின் கையில் சிரட்டை இருந்தபோது இந்தச் சட்டமெல்லாம் டெல்லியில் அச்சாகிவிட்டது. டீக்கடைக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது.

சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது? 1957ல் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே என்ற ஓட்டலின் 'பிராமணாள்' போர்டை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் எடுக்கப்பட்டது.

தாத்தாவின் நினைவில் இன்னொரு பந்தியும் இருக்கிறது. 1956ல் காமராஜர் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தாத்தாவின் பள்ளிக்கும் அது வந்தது. "அங்கதான் மொதல்ல எல்லாப் பயலுவளோடயும் ஒரே வரிசையில உக்காந்தேன். வாத்தியார் ஒருத்தர் 'யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாது'ன்னு அதட்டி உக்கார வச்சாரு" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரே வரிசை, தெருவுக்கு வந்தால் சிரட்டை. ஒரே பையனுக்கு ஒரே நாளில் இரண்டு உலகம்.

பிரியாணியும் முனியாண்டியும்

சரி, தாத்தா முதன்முதலாக ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தது எங்கே? சங்கரன்கோவிலில் ஒரு பாய் கடையில். வயது இருபது. பருத்தி மூட்டையோடு வண்டியில் போனவர்களை மூட்டைக்குச் சொந்தக்காரர் சாப்பிட அனுப்பியிருக்கிறார். "வாசல்ல நின்னோம். பாய் 'ஏன் நிக்கீங்க, உள்ள வாங்க'ன்னு சொன்னாரு. எந்த ஊரு, என்ன ஆளுன்னு கேக்கல" என்றார். அன்று சாப்பிட்டது பிரியாணி கூட இல்லையாம், சோறும் கறிக்குழம்பும்தான். ஏறக்குறைய அறுபது வருஷம் ஆகியும் அந்தக் கடையின் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்கிறார்!

சங்கரன்கோவில் பிரியாணி இன்று வெளியூரிலும் பெயர் எடுத்துவிட்டது. சுல்தான் பிரியாணி என்றால் மதுரை வரைக்கும் தெரியும். சீரகச் சம்பா அரிசி, ஆட்டுக்கறி, அளவான மசாலா. என் நண்பர்களுக்கான பட்டியலில் அது ருசிக்காக இருந்தது. தாத்தாவிடம் பேசிய பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது.

அசைவ ஓட்டல் என்றால் முனியாண்டி விலாஸையும் சொல்ல வேண்டும். மதுரைக்குத் தெற்கே கள்ளிக்குடி பக்கம் இருக்கும் வடக்கம்பட்டிக்காரர்கள் 1930களில் ஆரம்பித்த தொழில். பங்காளிகளும் உறவினர்களும் ஊர் ஊராகப் போய்த் தங்கள் குலசாமி முனியாண்டியின் பெயரிலேயே கடை போட்டார்கள். ஒரு தலைமை அலுவலகம் இல்லை, முதலாளி ஒருவர் இல்லை, பெயர் மட்டும் பொது. வருஷம் ஒருமுறை எல்லோரும் ஊருக்கு வந்து கோயில் விழா எடுக்கிறார்கள், பிரியாணிதான் பிரசாதம். அதை வாங்க வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. 'பிரான்சைஸ்' என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருவதை அந்தக் கிராமம் சாமி பெயரில் செய்து காட்டியிருக்கிறது.

பரோட்டா வந்த வழி

இப்போது நம் பக்கத்துக்கே அடையாளமான பரோட்டா. இது நம் பாட்டன் காலத்துச் சாப்பாடு என்று நினைத்தால் தப்பு. மைதாவைப் பிசைந்து, ஊறவைத்து, வீசி, சுருட்டி, தட்டிக் கல்லில் போடும் இந்த வித்தைக்குக் கடல் கடந்த சொந்தங்கள் உண்டு. மலேசியாவில் ரொட்டி சானாய், சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா, பர்மாவில் பலாத்தா, இலங்கையில் கொத்து ரொட்டி. நம் ஆட்கள் பிழைக்கப் போன ஊர்களின் வரைபடத்தைப் போட்டால் அதுதான் பரோட்டாவின் வரைபடம்.

போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பதும் முக்கியம். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல் கிடைக்காமல் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள், வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1960களில் பர்மா அரசு கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியதும் இன்னொரு கூட்டம் கையில் ஒன்றுமில்லாமல் வந்தது. 1964ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் போடப்பட்டு, இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. கையில் முதல் இல்லாதவன் என்ன கடை போட முடியும்? ஒரு கல், ஒரு பலகை, மாவு, எண்ணெய், தெரிந்த கைவேலை. விருதுநகரில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவுக்கு இன்றும் பர்மா பெயரில் கடைகள் இருக்கின்றன.

மாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்குத் தட்டுப்பாடு, ரேஷன். பிறகு 1956ல் அமெரிக்காவோடு போட்ட பி.எல். 480 ஒப்பந்தத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. சோறு தவிர வேறு அறியாத நம் பக்கத்தில் கோதுமையும் மைதாவும் அப்படித்தான் பழகின.

இந்தச் சாலையின் கடைசியில் பிரானூர் பார்டர். 'பார்டர் பரோட்டா' என்று மதுரையிலும் சென்னையிலும் போர்டு வைக்கிறார்கள். எந்த பார்டர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்தது. எல்லை பிரானூர்ப் பக்கம். மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை நமக்கு வந்தது, எல்லை மலைக்கு மேலே போய்விட்டது. பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ரஹ்மத் கடையில் சின்னச் சின்னப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிடும்போது இல்லாத ஒரு எல்லையின் பெயரைச் சாப்பிடுகிறோம்.

அந்த எல்லை வெறும் கோடு இல்லை. அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்றே மன்னரின் பிரகடனத்தால் அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. இந்தப் பக்கம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8ல். கூப்பிடு தூரத்தில் இருந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கு மூன்று வருஷ வித்தியாசம்!

அல்வாவுக்கு யார் காரணம்?

திருநெல்வேலி அல்வாவின் கதை எங்கள் சாலையிலிருந்தே தொடங்குகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும் நடுவில் சொக்கம்பட்டி இருக்கிறது. அந்த ஜமீன்தார் காசிக்குப் போன இடத்தில் அல்வாவைச் சாப்பிட்டு மயங்கி, அதைச் செய்யத் தெரிந்த ராஜபுத்திரச் சமையல்காரர்களைக் கையோடு கூட்டிவந்தார் என்று சொல்லப்படுகிறது. அப்படி வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் பின்னால் திருநெல்வேலியில் கடை போட்டன. நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் மட்டும் திறக்கும் இருட்டுக்கடை அந்த வழியில் வந்ததுதான்.

சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். தண்ணீர் நம்முடையது, கைப்பக்குவம் ராஜஸ்தானுடையது. 'வடக்கத்தியான்' என்று இன்று ஓட்டலில் வேலை பார்க்கும் பையன்களை முகம் சுளித்துப் பார்க்கிறோமே, அல்வாவைக் கொண்டுவந்தவர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான் என்பதை யோசிக்க வேண்டும்.

கணக்கில் வராதது

இன்று சாதாரண ஓட்டலில் சாப்பிட்டால் பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் ஏ.சி. ஓட்டலுக்கு 18, ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 என்று ஆரம்பித்து, அதே வருஷம் நவம்பரில் இரண்டையும் 5 ஆக்கினார்கள். பில்லில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லை. வாங்குகிறவனின் சாதியைப் பில் கேட்பதில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரட்டைக் குவளை பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. சில கடைகளில் ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருவருக்குத் தூக்கிப்போடும் கப் என்று புது வேஷம் போட்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புகளுக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளுக்கும் தடை. அது சுற்றுச்சூழலுக்காக வந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்பது வேறு காரணத்துக்காகவும் நல்லது என்று எனக்குப் படுகிறது.

பெண்கள் கதை தனி. என் பாட்டி கல்யாணமாகி இருபது வருஷம் கழித்துத்தான் ஓட்டலில் சாப்பிட்டாராம், அதுவும் திரைச்சீலை போட்ட 'ஃபேமிலி ரூமில்'. இப்போதும் எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை நான் பார்த்ததில்லை. என் தங்கை இதைப் படித்துவிட்டு "உன் லிஸ்ட்ல பாதிக் கடைக்கு நான் தனியாப் போக முடியாது" என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

நண்பர்கள் வந்தார்கள். கிளம்பும் முன் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். தாத்தாவையும் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். அவர் வழக்கமாக வெளியே நின்று குடித்துவிட்டு வருகிறவர். யாரும் தடுப்பதில்லை, அறுபது எழுபது வருஷப் பழக்கம். அன்று என் நண்பன் ஒருவன், விவரம் ஒன்றும் தெரியாமல், "தாத்தா, இங்க உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டான். தாத்தா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீ வந்தது, வடையும் வந்தது. காசை நான் கொடுக்கப் போனபோது விடவில்லை, அவரே கல்லாவில் இருந்தவர் கையில் கொடுத்தார்.

எப்படி இருந்தது டீ என்று கேட்டேன். "சீனி கூடிப்போச்சு" என்றார்.

பட்டியலைக் கேட்டவர்களுக்காக மறுபடியும்: காலையில் வாசுதேவநல்லூரில் இட்லி, வடை, டீ. மதியம் சங்கரன்கோவில் பிரியாணி, தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும். ராத்திரி பிரானூர் பார்டர், சீசனில் கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும். திருநெல்வேலியில் அல்வாவுக்குச் சாயங்காலமே வரிசையில் நில்லுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அவர்கள் முதன்முதலாக ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது, எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.